அடைக்கலத்தின் கலை: மருதமடுத் திருப்பதி பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துக் கத்தோலிக்க ஆலயங்கள் பற்றித் தமிழில் எழுந்தவை பெரும்பாலும் இருவகைப்படுவன. ஒன்று, பக்தர்களுக்கென எழுதப்பட்ட புதுமைக் கதைகள். மற்றொன்று, குருமாரும் மேற்றிராணிமாரும் ஆற்றிய பணிகளை ஆண்டு முறையில் நிரல்படுத்தும் வரலாறுகள். ஆலயம் ஒன்றைக் கலைப்படைப்பாக எடுத்துக்கொண்டு, அதன் வடிவம் எத்தகைய வாழ்விலிருந்து தோன்றிற்று, எதனை உணர்த்துகின்றது என வினவும் திறனாய்வு இவற்றிடையே அரிதாகவே காணப்படுகின்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் 'என்றீக் எம்பரதோர்', 'மூவிராசாக்கள்' முதலிய மன்னார்ப் பகுதிக் கத்தோலிக்க நாடகங்களைப் பதிப்பித்தமையால் அப்பகுதியின் கூத்து மரபு பல்கலைக்கழக ஆய்வுக்குரிய பொருளாயிற்று. அந்நாடகங்களைப் பேணிய அதே மக்களின் ஆலயங்களுக்கு அத்தகைய கவனம் கிட்டவில்லை.

இக்குறை மருதமடுத் திருப்பதியைப் பொறுத்தவரை பெரிதும் உணரத்தக்கது. மடு இன்று நிர்வாகப் பிரிவால் மன்னார் மாவட்டத்தைச் சார்ந்தது. 1981இல் நிறுவப்பட்ட மன்னார் மறைமாவட்டத்துக்கு உட்பட்டது. நிலத்தாலோ அது வன்னிக் காட்டின் ஒரு பகுதி. வவுனியாவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் செல்வோர் காட்டிடை வழியாகவே அதனை அடைவர். ஐரோப்பியக் கட்டடக் கலையின் அளவுகோலைக் கொண்டு நோக்குவோர் இவ்வாலயத்தில் தனித்தன்மை குறைவு என்பர். புதுமைகளை மட்டும் நோக்குவோர் இங்கே கலை பற்றிய கேள்வியே தேவையற்றது என்பர். இவ்விரு முடிபுகளும் பொருந்துவன அல்ல. மடுவின் கலை கட்டடத்தில் மட்டும் தங்கியது அன்று. பெயர்ந்து செல்லும் ஒரு சிறிய சுரூபம், அதனை ஏற்ற காடு, அதனைச் சூழ்ந்து மக்கள் தற்காலிகமாகக் குடியமரும் வெளி ஆகிய மூன்றும் கட்டடத்தோடு சேர்ந்தே அக்கலை முழுமை பெறுகின்றது. அதனை அடைக்கலத்தின் கலை எனலாம்.

வரலாறும் மரபும்

மன்னார்க் கத்தோலிக்கத்தின் தொடக்கமே குருதி தோய்ந்தது. புனித பிரான்சிஸ் சவேரியாரின் முயற்சியால் மன்னார்த் தீவில் மதம் மாறியோர் 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். அவர்களின் தொகை அறுநூறு முதல் எழுநூறு வரை எனச் சொல்லப்படும். போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரையும் 1619இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். அவர்களது ஆட்சியில் சைவக் கோயில்கள் இடிக்கப்பட்டன. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய மாதோட்டத்துத் திருக்கேதீச்சரமும் அவற்றுள் ஒன்று. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய பின்னர் கத்தோலிக்கர் துன்பத்துக்கு ஆளாயினர். அவர்களின் வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருமார் வெளியேற்றப்பட்டனர், கத்தோலிக்கக் குருவுக்கு மறைவிடம் அளிப்போருக்கு மரண தண்டனை என்னும் கட்டளையும் பிறப்பிக்கப்பட்டது. இக்கட்டளையிற் குற்றமாகக் கொள்ளப்பட்டது அடைக்கலம் கொடுத்தல் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

மடுத் திருப்பதியின் தோற்றம் பற்றிய மரபுச் செய்தி இச்சூழலிலேயே பொருள் பெறுகின்றது. ஏறத்தாழ 1670இல் மாந்தையிலிருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் இருபது, தம் ஆலயத்திலிருந்த மாதாவின் சுரூபத்தை எடுத்துக்கொண்டு காட்டினுள் புகுந்து மருதமடுவிற் குடியேறின என்பது அச்செய்தி. அதே காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து எழுநூறு கத்தோலிக்கர் வன்னிக் காட்டுக்குப் பெயர்ந்தனர் என்றும், இரு கூட்டத்தினரும் மருதமடுவில் ஒன்றுசேர்ந்தனர் என்றும், போர்த்துக்கேயத் தளபதி ஒருவரின் மகளான எலேனா என்னும் பெண் அங்கே முதற் கோயிலை எழுப்பினாள் என்றும் அம்மரபு கூறும்.

இங்கு எண்கள் ஆராயத்தக்கன. 1544இன் கொலைச் செய்தியிலும் 1670இன் பெயர்வுச் செய்தியிலும் எழுநூறு என்ற தொகை மீண்டும் வருகின்றது. மகாவம்சமும் விசயனை எழுநூறு தோழரோடு ஈழத்துக் கரையில் இறக்குகின்றது. ஒரு புதிய சமூகத்தின் தோற்றத்தைச் சொல்லும்போது இந்நாட்டு மரபு இவ்வெண்ணைக் கையாளுவதை நோக்கின், அதனைக் கணக்கெடுப்பாகக் கொள்வதிலும் 'ஒரு மக்கட் கூட்டம்' என்பதற்கான குறியீடாகக் கொள்வதே பொருத்தமாகும். இதனால் மரபு பொய்யென ஆகிவிடாது. இடப்பெயர்வுக்கான காரணம் ஐயத்துக்கு இடமின்றி வரலாற்றில் உண்டு. ஒல்லாந்தரின் நேரடி ஆட்சி கரையோரங்களில் இறுகியிருந்தது. வன்னியின் உட்பகுதிகளோ வன்னியர் தலைமையிலும் காட்டின் காவலிலும் இருந்தன. கரையில் வாழ இயலாதவர் காட்டுக்குச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை.

பிறிதொன்றும் கூறப்படல் வேண்டும். சங்கிலியின் வாளையும் ஒல்லாந்தரின் கட்டளையையும் கூறும் ஆலய வரலாறு, போர்த்துக்கேயர் இடித்த கோயில்களைக் கூறாது விடுமாயின் அது அரைவரலாறே ஆகும். மாந்தையிலிருந்து சுரூபத்தைச் சுமந்து ஓடியவர்களின் துன்பம், அதே மாதோட்டத்தில் முன்னொரு தலைமுறை தன் தெய்வங்களை மறைத்த துன்பத்துக்கு அயலானது அன்று. அடைக்கலம் என்னும் கருத்தை மையமாகக் கொண்ட ஒரு திருப்பதிக்கு இவ்வுண்மையை ஏற்றல் இழுக்காகாது.

பெயரும் நிலமும்

மருத மரம் நீர்த்துறைகளில் வளர்வது. வயலும் வயல் சார்ந்த திணைக்குப் பெயர் தந்தது. மடு என்பது ஆழ்ந்த நீர்நிலை. மருதமடு என்ற பெயரே வறண்ட காட்டில் நீர் நின்ற ஓரிடத்தைச் சுட்டுகின்றது. வவுனிக்குளம், முத்தையன்கட்டுக்குளம், கட்டுக்கரைக்குளம் என நீராற் பெயர் பெறுதல் இந்நிலத்துக்கு இயல்பு. நடந்து வந்தோர் நீரைக் கண்ட இடத்தில் நின்றனர். நின்ற இடத்தில் சுரூபத்தை வைத்தனர்.

இங்கு நிகழ்ந்த பெயர்மாற்றம் சிந்திக்கத்தக்கது. மாந்தையில் ஆரோக்கிய மாதாவாக இருந்தவர், திருச்சபை வழக்கிற் செபமாலை மாதாவாக ஆனார். மக்கள் வழக்கிலோ அவர் 'மடு மாதா'. ஊரின் பெயரைத் தெய்வத்துக்கு இட்டு வழங்கும் தமிழ் மரபு, ஐரோப்பியர் கொணர்ந்த ஒரு சுரூபத்தைத் தன்னுள் ஏற்றுக்கொண்டமைக்கு இப்பெயர் சான்று.

வன்னிக்கு வந்து சேரும் தாய்த்தெய்வம் என்ற எண்ணமும் இந்நிலத்துக்குப் புதிதன்று. மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து பல இடங்களில் தங்கிப் பத்தாவதாக அமர்ந்த இடமே முல்லைத்தீவின் வற்றாப்பளை என்பது மக்கள் நம்பிக்கை. நந்திக்கடலோரத்தில் மூதாட்டி வடிவில் இடைச்சிறுவர் முன் அவள் தோன்றினாள் என்றும், கடல்நீரில் விளக்கு எரிந்தது என்றும் கூறுவர். வற்றாப்பளையும் மருதமடுவும் வெவ்வேறு சமயங்களுக்கு உரியன. ஆயினும் இரண்டிலும் தாய் நடந்து வருகின்றாள். துயருற்றவளாக அல்லது துயருற்றோருடன் வருகின்றாள். வன்னி அவளுக்கு இடமளிக்கின்றது. மடு மாதாவைப் பத்தினித் தெய்வத்தோடு இணைத்துக் காணும் வழக்கம் சிங்கள மக்களிடையே உண்டு. இவ்வொப்புமையைக் கொண்டு 'முன்னர் இங்கே எவர் கோயில் இருந்தது' என நிலவுரிமை வழக்குத் தொடுப்போர் உளர். அது திறனாய்வின் வழியன்று. இரு சமயத்து மக்களும் ஒரே வகை உருவகத்தால் தம் தாயை அறிந்தனர் என்பதே இவ்வொப்புமை தரும் பயன்.

சுரூபம்

மடுவிற் கலையாய்வுக்குரிய முதற்பொருள் சுரூபமே. கட்டடம் அதற்கென எழுந்தது. குழந்தை இயேசுவை ஏந்திய இச்சுரூபம் சிறியது. மனிதர் கையிற் சுமந்துகொண்டு காட்டு வழியே செல்லக்கூடிய அளவினதாக இருந்தமையாலேயே அது எஞ்சியது. பெருஞ்சிலையாக இருந்திருப்பின் மாந்தையிலேயே கைவிடப்பட்டிருக்கும். எனவே அதன் சிறுமை அழகியற் குறையன்று. அதன் வரலாற்றின் உறுப்பு.

சுரூபம் ஆடையும் மேற்போர்வையும் சாத்தப்பட்டே காட்சிக்கு வைக்கப்படுகின்றது. முகமும் முடியும் குழந்தையுமே கண்ணுக்குப் புலப்படுவன. சிற்பத்தின் செதுக்கலை மட்டும் அளவுகோலாகக் கொள்வோருக்கு இது ஏமாற்றமே. ஆனால் சுரூபங்களுக்கு ஆடை அணிவித்தல் போர்த்துக்கல், ஸ்பெயின் நாடுகளின் பழைய கத்தோலிக்க வழக்கம். விக்கிரகத்துக்குச் சாத்துப்படி செய்தல் தமிழ்க் கோயில்களின் வழக்கம். இரண்டு மரபுகளும் மடுவில் முரணின்றிச் சந்தித்தன. கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் பெரியநாயகி மாதாவைத் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் அமைத்தது ஒரு புலவரின் திட்டமிட்ட செயல். மடுவில் திட்டமிட்டவர் எவருமிலர். வழக்கமே அப்பணியைச் செய்தது.

வீரமாமுனிவரின் பெயர் இங்கு வேறொரு காரணத்தாலும் பொருந்தும். கொள்ளிடக் கரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் அவர் எழுப்பிய ஆலயம் அடைக்கல மாதாவுக்குரியது; அவ்வூருக்கு அவர் இட்ட பெயர் திருக்காவலூர்; அதன்மீது அவர் பாடியது திருக்காவலூர்க் கலம்பகம். ஆக, தமிழ்க் கத்தோலிக்கத்தில் அடைக்கலம் என்னும் கருத்து தமிழகத்தில் இலக்கியமாக மலர்ந்தது. ஈழத்தில் அது ஓர் இடமாகவும் ஒரு நடையாகவும் உருப்பெற்றது. இரண்டுக்கும் முன்னர், கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கு அடைக்கலக் காதை எனப் பெயரிட்ட சிலப்பதிகாரம் இருக்கின்றது.

கட்டடமும் முடியும்

1687இல் கோவாவிலிருந்து வந்த யோசப் வாஸ் அடிகளும், அவரைத் தொடர்ந்த ஒரட்டோரியன் சபைக் குருமாரும் ஒல்லாந்தரின் தடைக்கு அஞ்சாது மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரைப் பேணினர். அச்சபையின் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் யாத்தார். அவரது வியாகுலப் பிரசங்கம் தமிழ்க் கத்தோலிக்கரின் தவக்கால வழிபாட்டில் நிலைத்தது. கத்தோலிக்கருக்கு எதிரான ஒல்லாந்தச் சட்டங்களைப் பிரித்தானியர் 1806இல் நீக்கினர். 1847இல் அமலமரித் தியாகிகள் சபையினர் இலங்கைக்கு வந்தனர். அச்சபையைச் சேர்ந்த பொன்ஜீன் மேற்றிராணியார் 1872இல் இன்றைய பெரிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். பின்வந்தோர் அதனைப் படிப்படியாக நிறைவேற்றினர். 1924 யூலை 2இல் பாப்பரசரின் பெயரால் மாதாவின் சுரூபத்துக்கு முடி சூட்டப்பட்டது. 1944இல் ஆலயம் அபிடேகம் செய்யப்பட்டது.

வெண்மையும் இளநீலமும் தோய்ந்த முகப்பு, வளைவுகள், தூண்கள், நீண்ட உள்மண்டபம், அதன் முடிவில் உயர்ந்த பீடம் என்னும் இவ்வமைப்பு ஐரோப்பியக் குருமார் பிற இடங்களிலும் கையாண்ட அமைப்பே. தனியே எடுத்து நோக்கின் இதனைப் புதுப்படைப்பு என்றல் இயலாது. ஆயினும் அது நிற்கும் இடம் அதன் பொருளை மாற்றுகின்றது. வேளாங்கண்ணியின் கோபுரங்கள் கரையில் நின்று கடலோடிகளைத் தொலைவிலிருந்தே அழைப்பன. மடுவின் முகப்போ காட்டு வழி முடியுமிடத்தில் மரங்களிடையே தோன்றுவது. பெரிய மண்டபத்தின் கோடியிற் சிறிய சுரூபம் காணப்படுவதும் இவ்வாறே நோக்கத்தக்கது. நெடுவழி நடந்தவன் உள்ளேயும் நடக்கின்றான். இறுதியில் அவன் காண்பது தன் கையிலும் ஏந்தத்தக்க ஓர் உருவம்.

முடிசூட்டு விழா ஒரு வினாவை எழுப்புகின்றது. ஏதிலிகள் சுமந்து வந்த தாய்க்குப் பொன்முடி ஏற்றதா? சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் இவ்வினாவின் பழைய வடிவம் உண்டு. நீதி கேட்டு அரசவைக்குத் தனித்துச் சென்ற பெண்ணுக்குச் சேரன் இமயத்துக் கல்லைக் கங்கையில் நீராட்டிக் கோயில் எடுக்கின்றான். இலங்கைக் கயவாகுவும் அவ்விழாவுக்கு வருகின்றான். அதிகாரம் தன்னால் காக்க முடியாதவளைப் பின்னர் வணங்கித் தனதாக்கிக் கொள்கின்றது. மடுவின் முடியும் திருச்சபை என்னும் பெருநிறுவனம் ஏழைகளின் சுரூபத்தை ஏற்றுக்கொண்டதன் அடையாளம். அதனால் திருப்பதிக்குப் புகழ் வந்தது. அதே வேளையில் இராக்கினியின் கோலம் ஏதிலியின் கோலத்தை மறைக்கவும் கூடும். மக்களின் வழக்கம் அவ்வாறு மறைய விடவில்லை. முடிசூடிய மாதாவின் முன்னிலையிலும் அவர்கள் எடுத்துச் செல்வது பாம்புக்கடிக்கு மருந்தென நம்பும் மடு மண்ணையே.

கொட்டிலும் வெளியும்

ஆடித் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் வருவோர் காட்டிற் கொட்டில் அமைத்துத் தங்குதல் மடுவின் நெடுநாள் வழக்கம். வண்டிகளில் வந்த தமிழரும் சிங்களவரும் அருகருகே அடுப்பு மூட்டிச் சமைத்தனர். ஆடித் திருவிழாவின் நாளாகிய யூலை 2, மரியாள் எலிசபெத்தைக் காண மலைநாட்டுக்குச் சென்ற நாளாகத் திருச்சபையிற் கொண்டாடப்பட்டது. 1969இன் நாட்காட்டித் திருத்தம் அத்திருநாளை மே 31க்கு மாற்றியது. மடு பழைய நாளையே கைவிடாது வைத்துக்கொண்டது. வழிநடந்த மரியாளின் நாளை வழிநடந்து வரும் மக்கள் பற்றிக்கொண்டது இயல்பே.

1990 முதல் இவ்வெளியின் பொருள் மாறிற்று. அல்லது பழைய பொருள் திரும்பிற்று. போரால் இடம்பெயர்ந்த பல்லாயிரவர் ஆலய வளவில் தஞ்சம் புகுந்தனர். திருவிழாக் கொட்டில் நின்ற நிலத்தில் அகதிக் கொட்டில் நின்றது. இரண்டுக்கும் கம்பும் கூரையும் ஒன்றே. முன்னையதைச் சில நாளிற் கழற்றிச் செல்லலாம், பின்னையதிற் பிள்ளைகள் பிறந்து வளர்ந்தனர். 1999 நவம்பர் 20இல் ஆலய வளவில் எறிகணைகள் வீழ்ந்தபோது, அங்கே தஞ்சம் புகுந்திருந்தோருள் நாற்பது பேரளவில் உயிரிழந்தனர். அடைக்கலம் என்ற சொல் தன் பொருளை இழந்த நாள் அது.

2001இல் சமாதானத்துக்காகச் சுரூபம் நாட்டின் பல பகுதிகளுக்கும் எடுத்துச் செல்லப்பட்டது. 2008 ஏப்பிரலிற் போர் ஆலயத்தை நெருங்கியபோது குருமார் அதனைத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றனர்; அதே ஆண்டு ஓகஸ்டில் அது மடுவுக்கு மீண்டது. 1670இன் மரபில் சுரூபம் கரையிலிருந்து காட்டுக்குச் சென்றது. 2008இல் காட்டிலிருந்து கரைக்குச் சென்றது. மரபுச் செய்தியை வெறுங்கதை எனக் கொண்டிருந்தோரும் அதன் உண்மையைத் தம் காலத்திலேயே கண்டனர். சுரூபம் இல்லாத அந்த மாதங்களில் பெரிய ஆலயம் அங்கேயே நின்றது. எனினும் மக்களுக்கு மடு மாதா இருந்த இடம் தேவன்பிட்டியாகவே இருந்தது. கட்டடத்துக்கும் சுரூபத்துக்கும் உள்ள உறவை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டியதில்லை.

2015 சனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் யோசப் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்து, அன்றே மடுவுக்கும் வந்து, போரால் துயருற்ற இரு இன மக்களோடும் செபித்தார். தடைசெய்யப்பட்ட குருவாக மறைந்து திரிந்தவரின் சிறப்பும், மறைத்துக் கொணரப்பட்ட சுரூபத்தின் சிறப்பும் ஒரே நாளில் நினைவுகூரப்பட்டமை பொருத்தமானதே.

பேணலும் மதிப்பீடும்

இவ்வாறு நோக்கும்போது, மடுவில் எதைப் பேண வேண்டும் என்பது வெறும் பராமரிப்புப் பிரச்சினையாக அமைவதில்லை. போருக்குப் பின்னர் பாதைகள் சீராயின. 2013இல் புகையிரதம் மீண்டும் மடு வீதி நிலையம் வரை ஓடிற்று. வருவோர்க்கு வசதி வேண்டும். சிதைந்தது திருத்தப்பட வேண்டும். ஆனால் ஆலயத்தை மட்டும் கலைச்செல்வமாகக் கருதி, அதனைச் சூழ்ந்த மரங்களையும் நீர்நிலைகளையும் கொட்டில் வெளியையும் பயன்படுத்தப்படாத காணியாகக் கருதினால், நூலின் அட்டையைப் பேணி ஏடுகளைக் கிழித்தது போலாகும். காடு இல்லாத மடு, வேறெங்கும் காணக்கூடிய ஒரு பெரிய தேவாலயமாகவே எஞ்சும்.

நினைவைப் பேணுதலும் இதனோடு சேர்ந்தது. 1670ஐ விரிவாகவும் 1999ஐ ஒற்றை வரியிலும் சொல்லும் ஆலய வரலாறு, தொலைவிலுள்ள துன்பத்தைப் போற்றி அண்மைத் துன்பத்தைத் தவிர்ப்பதாகும். வளவில் வாழ்ந்தோர், சுரூபத்தைச் சுமந்தோர், தேவன்பிட்டியில் அதனை ஏற்றோர் ஆகியோரின் வாய்மொழிகள் இன்னும் பெறக்கூடியன. நெடுங்காலம் அவ்வாறே இரா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகமும் இத்திருப்பதிக்கு அண்மையில் உள்ளன. நாடகச் சுவடிகளைத் தேடி மன்னார்க் கிராமங்களுக்குச் சென்ற முந்திய தலைமுறையின் உழைப்பை, இத்தலைமுறை ஆலயங்களையும் சுரூபங்களையும் அவற்றைச் சுமந்தோரின் சொற்களையும் ஆவணப்படுத்துவதில் தொடர்தல் தகும்.

மடு ஆலயம் சிறந்த கட்டடமா என்னும் வினாவுக்கு, ஓரளவுக்கு ஆம் என்பதற்கு மேல் விடை கூறுதல் அரிது. மடு ஒரு சிறந்த கலைப்படைப்பா என்பது வேறு வினா. சிறிய சுரூபம் ஒன்றையும், அதனைக் கொணர்ந்தோரையும், பின்னர் வந்தோரையும், மொழியும் இனமும் வினவாது ஏற்ற ஓர் இடத்தின் முழு அமைப்பையும் கருதின், அதற்கு விடை ஐயமின்றி ஆம் என்பதே. அவ்வமைப்பைக் காப்பது வழிபடுவோருக்கு மட்டும் உரிய கடமையன்று. வன்னியின் வரலாற்றைக் கற்போர் அனைவர்க்கும் உரியதாகும்.